கம்பளி ட்ரெட் போடுவோருக்கு: நம் கிழக்குக் கரையின் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஏற்ற அலங்காரங்கள்

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் ட்ரெட் தலை, அதாவது முடி சடைசடையாகத் திரண்டு தொங்கும் தலை, இப்போது புதினமில்லை. அறுகம்பேயில் அலைச்சறுக்கல் சீசன் தொடங்கினால் வெளிநாட்டுக்காரர் தலையில் மட்டுமல்ல, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனைப் பிள்ளைகள் தலையிலும் அதைப் பார்க்கலாம். ஆனால் சொந்த முடியைச் சிக்காக்கி நிரந்தரமாகப் போட எல்லாருக்கும் மனம் வராது. வீட்டிலும் வேலையிடத்திலும் விடவும் மாட்டார்கள். கம்பளியில் செய்து முடியோடு சேர்த்துப் பின்னும் ட்ரெட் அவர்களுக்கு நல்ல வழி. சில வாரம் போட்டுவிட்டுக் கழற்றிவிடலாம், சொந்த முடியில் கத்திரிக்கோல் படாது.

இணையத்தில் இருக்கும் செய்முறைகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர் எழுதியவை. அவற்றை அப்படியே நம் ஊரில் செய்தால் இரண்டாம் கிழமையிலேயே தலை கனத்து, உள்ளே வேர்த்து, மணக்கத் தொடங்கும். கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை, தொட்டால் தெரியாதபடி உள்ளே வைத்திருக்கக்கூடியது. கடற்காற்றும் வியர்வையும் சேர்ந்தால் அது எப்போதும் கொஞ்சம் ஈரமாகத்தான் இருக்கும். ஆகவே அழகைப் பற்றி யோசிக்கும் முன் எடையையும் தண்ணீரையும் யோசியுங்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு அலங்காரத்தையும் இந்த இரண்டையும் வைத்துத்தான் தேர்ந்திருக்கிறேன்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். 1930களில் ஜமேக்காவில் உருவான ரஸ்தஃபாரி சமயத்தாருக்கு ட்ரெட்லொக் ஒரு விரதம். உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் சாமிமார் சிலரின் சடையும் அப்படித்தான். நாம் அலங்காரத்துக்காகப் போடும்போது அந்த மரியாதை மனதில் இருக்கட்டும்.

முதலில் எவ்வளவு வேண்டும் என்று முடிவெடுங்கள்

மூன்று வழி இருக்கிறது. முழுத் தலைக்கும் போடுவது, அங்கங்கே ஐந்து பத்து மட்டும் போடுவது, இலாஸ்டிக்கில் கட்டிய கொத்தாகச் செய்து வேண்டியபோது மாட்டிக் கழற்றுவது.

முதல்முறை போடுபவருக்கு நான் சொல்வது எப்போதும் கொத்துத்தான். காலையில் மாட்டி இரவில் கழற்றலாம். தலை முழுகுவதற்கும் தொழுகைக்கு ஒளுச் செய்வதற்கும் கோயிலுக்குப் போவதற்கும் எந்த இடைஞ்சலும் இல்லை. அங்கங்கே போடுவது அடுத்தபடி: காதுக்குப் பின்னால் இரண்டு, பிடரிப் பக்கம் ஆறேழு போட்டாலே முடியை விரித்துவிடும்போது நல்ல எடுப்பாக இருக்கும். முழுத் தலைக்கு மெல்லியதாக 45 முதல் 60 வரையும், தடிப்பாக 25 முதல் 40 வரையும் டபுள் எண்ட் ட்ரெட் தேவைப்படும். டபுள் எண்ட் என்பது நடுவில் மடித்து, இரு முனையும் தொங்கவிடுவது. ஒரு முனையில் மட்டும் தொங்குவது சிங்கிள் எண்ட்.

முழுத் தொகுதி காய்ந்த நிலையிலேயே 200 முதல் 350 கிராம் வரை இருக்கும். நனைந்தால் இரண்டு மடங்குக்கு மேல் போகும். மார்கழி மாரி நேரத்தில் முழுத் தலை வேண்டாம். கார்த்திகை முதல் தை வரை நம் பக்கம் பெய்யும் வாடை மழையில் கம்பளி காயவே காயாது. கச்சான் காற்று வீசும் வைகாசி தொடக்கம் ஆவணி வரையான காலம்தான் அதற்குத் தோது.

கம்பளி எது, அக்ரிலிக் எது

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நகரத்துத் தையல் பொருள் கடைகளில் ‘வூல்’ என்று உருண்டையாக விற்பது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல். பார்க்க மென்மையாக இருக்கும், நிறங்களும் நிறைய உண்டு. ஆனால் எவ்வளவு தேய்த்தாலும் அது இறுகி ஒட்டாது. உண்மையான கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் பட்டு, கையால் தேய்க்கும்போது அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டி இறுகும். செதில் இல்லாத இழையில் இது நடக்காது. ‘மெஷினில் கழுவலாம்’ என்று லேபல் போட்ட கம்பளியும் சரிவராது, ஏனென்றால் அது சுருங்காமல் இருக்கச் செதில்களைப் பூசி மூடியோ நீக்கியோ இருப்பார்கள்.

சோதிக்க இலகுவான வழி ஒன்று இருக்கிறது. ஓர் இழையைக் குறட்டால் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகும் மணம் வரும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும், சாம்பலை விரலால் நசித்தால் தூளாகும். அக்ரிலிக் உருகி ஒழுகி, கறுப்புப் புகையோடு எரிந்து, கல்லுப்போல் ஒரு மணியை விட்டுவிடும். உருகும் துளி கையைச் சுடும், கவனம்.

வாங்க வேண்டியது மெரினோ ரோவிங், அதாவது நூலாகத் திரிக்காமல் வாரி நீளமாக விட்ட கம்பளிப் பஞ்சு. அதிகமாக அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வருகிறது. ஒன்லைனில் எடுக்கலாம், வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் வரும்போது கொண்டுவரச் சொன்னால் இன்னும் மலிவு. மெரினோ இழையின் தடிப்பு பொதுவாக 24 மைக்ரோனுக்கு உட்பட்டது (மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 30 மைக்ரோனுக்கு மேற்பட்ட தடித்த இழைகள்தான் தோலைக் குத்திச் சொறியவைக்கும். வியர்க்கும் பிடரியில் அந்தச் சொறியைத் தாங்க முடியாது, ஆகவே மலிவுக்காகத் தடித்த கம்பளி எடுக்காதீர்கள். வாங்கிய பஞ்சில் ஒரு சிறு துண்டை முழங்கை மடிப்பில் ஒரு நாள் கட்டிப் பார்ப்பதும் நல்லது.

உருட்டுவது

டபுள் எண்ட் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் நீளத்தில் பஞ்சைக் கையால் இழுத்துப் பிரியுங்கள், வெட்ட வேண்டாம். உருட்டும்போது மூன்றில் ஒரு பங்கு வரை சுருங்கும். தடிப்பு பெருவிரல் அளவு இருந்தால், இறுகிய பின் பென்சில் அளவுக்கு வரும். அதற்கு மேல் தடிப்பு நம் வெயிலுக்கு வேண்டாம்.

சட்டியில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து, சாதாரணச் சவர்க்காரத்தைக் கரையுங்கள். பஞ்சை நனைத்து, முதலில் மிக மெதுவாக, அழுத்தமில்லாமல் இரு உள்ளங்கைக்கும் இடையில் உருட்டுங்கள். வெளித்தோல் பிடித்ததும் அழுத்தத்தைக் கூட்டலாம். இந்தக் கட்டத்தில் பன்பாயைக் கீழே விரித்து அதன்மேல் உருட்டுங்கள். பாயின் மேடுபள்ளம் கம்பளியைச் சீக்கிரம் இறுக்கும். நம் வீட்டில் இருக்கும் பாயை விட்டுவிட்டு இதற்கென்று பிளாஸ்டிக் விரிப்பு வாங்க வேண்டியதில்லை. முனைகளை ஊசிபோல் கூராக்க வேண்டுமானால் கடைசி நாலு விரற்கடைப் பஞ்சைக் கொஞ்சம் பிய்த்து மெலிதாக்கி உருட்டுங்கள்.

நடுவில் ஐந்தாறு சென்றிமீற்றரை மட்டும் அதிகம் இறுக்காமல், மெல்லியதாக விடுங்கள். முடியில் மடிந்து அமர்வது அந்த இடம்தான். அது தடித்தால் மண்டையில் கட்டிபோல் நிற்கும், படுக்க முடியாது.

சவர்க்காரம் போகும்வரை அலசி, கடைசித் தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி விடுங்கள். பிறகு துவாயில் சுருட்டிப் பிழிந்து, நிழலில் காற்றாடத் தொங்கவிடுங்கள். முழுதாகக் காய்ந்ததா என்று கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

நிறம் பற்றி ஒரு சொல். நம் கறுத்த முடிக்கு முழுவதும் பளிச்சென்ற நிறம் போட்டால் பொய்முடி என்று தூரத்திலேயே தெரியும். கறுப்பும் கபிலமும் இரண்டு பங்கு, பிடித்த நிறம் ஒரு பங்கு என்று கலந்தால் கண்ணுக்குப் பாந்தமாக இருக்கும். கபிலத்துக்குத் தேயிலையே போதும்: தூளைக் கூடப் போட்டுக் கடுஞ்சாயமாகக் காய்ச்சி வடித்து, நனைத்த ட்ரெட்டை அதில் இட்டு, கொதிக்கவிடாமல் மெல்லிய சூட்டில் ஒரு மணித்தியாலம் வைத்து, அதே சட்டியில் ஆறவிடுங்கள். சூட்டிலிருந்து சட்டென்று குளிர்தண்ணீருக்கு மாற்றினால் மேலும் சுருங்கும். வெங்காயத் தோல் மஞ்சளும் செம்மஞ்சளுமாக நல்ல நிறம் தரும். மஞ்சள் தூளும் அழகாகப் பிடிக்கும், ஆனால் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். ஒருநாள் கொண்டாட்டத்துக்கு என்றால் பரவாயில்லை.

முடியோடு பின்னுவது

முந்தின நாள் தலை முழுகுங்கள். எண்ணெய் வேண்டாம், கண்டிஷனரும் வேண்டாம், இரண்டும் இருந்தால் பின்னல் வழுக்கும். பழக்கத்தில் தேங்காயெண்ணெய் வைத்துக்கொண்டு வந்து உட்காருபவர்கள் அதிகம், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். முடி குறைந்தது எட்டுப் பத்துச் சென்றிமீற்றர் நீளம் இருக்க வேண்டும்.

பிடரியிலிருந்து தொடங்குங்கள். முன்நெற்றி, காதோரம், பிடரி ஓரம் எல்லாவற்றிலும் ஒரு விரல் அகலத்துக்கு முடியைச் சேர்க்காமல் விடுங்கள். அந்த ஓர முடி மெலிந்தது, இழுவை தாங்காது, அதோடு பின்னலின் அடியை மறைப்பதும் அதுதான். மிச்ச முடியை இரண்டு, இரண்டரைச் சென்றிமீற்றர் சதுரங்களாக வகிடெடுங்கள். ஒரு வரிசையின் வகிடு மேல்வரிசைச் சதுரத்தின் நடுவுக்கு வரும்படி, செங்கல் சுவர்போல் மாற்றி மாற்றி எடுத்தால் மண்டை வெளியே தெரியாது.

ஒரு சதுரத்து முடியை இரண்டாகப் பிரித்து, ட்ரெட்டின் மெல்லிய நடுப்பகுதியை அவற்றுக்கு இடையில் வையுங்கள். முடியின் இரு பாதியையும் அதன்மேல் ஒருமுறை குறுக்கே மாற்றினால் ட்ரெட் நழுவாது. பிறகு இரு பாதியையும் ஒரு புரியாகச் சேர்த்து, ட்ரெட்டின் இரு முனையையும் மற்ற இரு புரியாக வைத்துச் சாதாரண மூன்று புரிப் பின்னல். முடி முடியும் இடத்தில் சிறிய இறப்பர் வளையம் போட்டு, மிச்ச ட்ரெட்டைத் தொங்கவிடுங்கள்.

இறுக்கம் எவ்வளவு? பின்னிய பின் அதைப் பிடித்து நாலு பக்கமும் அசைக்க வேண்டும். அசைக்கும்போது தோல் சேர்ந்து இழுபட்டால் இறுக்கம் கூட. வேரில் வெள்ளைக் குருப் போல எழும்பினால், தலையிடித்தால், அன்றைக்கே அவிழ்த்துத் தளர்த்துங்கள். ‘இரண்டு நாளில் பழகிவிடும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தொடர்ந்த இழுவையால் காதோர முடி உதிர்ந்தால், சில நேரம் அது திரும்பி வராது. குழந்தை பெற்றுச் சில மாதங்கள் முடி இயல்பாகவே கூடக் கொட்டும், அந்தக் காலத்தில் முழுத் தலை போடாமல் இருப்பது நல்லது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொத்து மட்டும் போதும்.

அலங்காரங்கள்

*கொத்து.* தையல் கடையில் உருண்டை இலாஸ்டிக் வாங்கி, சின்ன வளையமாக முடியுங்கள். அதில் 12 முதல் 15 டபுள் எண்ட் ட்ரெட்டை மடித்துப் போட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் தடித்த நூலால் இறுகக் கட்டுங்கள். இப்படி இரண்டு செய்து, சொந்த முடியை இரட்டைக் குடுமியாகக் கட்டிச் சுருட்டி, அதைச் சுற்றி வளையத்தை இரண்டு தரம் போட்டுக் கொண்டை ஊசி குத்தினால் முடிந்தது. இரட்டையை உச்சிக்கு ஏற்றாமல் காதின் மேல்விளிம்புக்கு நேரே வைத்தால் கழுத்து நோகாது. ஒற்றைக் கொத்தைப் பிடரியில் வைத்து, முன்முடியை வாரி நெளிவு விட்டால் கலியாண வீட்டுக்கே போகலாம்.

*பாதி மேலே, பாதி கீழே.* நாளாந்தம் போட நான் அதிகம் சொல்வது இது. மேல் மூன்றில் ஒரு பங்கு ட்ரெட்டைப் பின்னால் சேர்த்து, அவற்றில் ஒன்றையே எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே செருகுங்கள். இறப்பர் தேவையில்லை, கம்பளி கம்பளியைப் பிடித்துக்கொள்ளும். முகம் வெளிக்கும், வேர்க்கும் பிடரிக்கும் காற்றுப் போகும்.

*ஒருபக்கப் பின்னல்.* மோட்டார் சைக்கிள் ஓடுபவர்களுக்கு. எல்லாவற்றையும் ஒரு தோளுக்குச் சேர்த்து, கழுத்துக்குக் கீழிருந்து தளர்வாக மூன்று புரி பின்னுங்கள். தலைக்கவசத்துக்குள் எதுவும் மடிந்து நிற்காது. உச்சிக் கொண்டையோடு தலைக்கவசம் போட்டால் அது தலையில் சரியாக இருக்காது, அழகுக்காக அந்த ஆபத்து வேண்டாம்.

*சேலைக்குக் கொண்டை.* ட்ரெட்டை இரண்டு கயிறாக முறுக்கி, பிடரியில் எட்டு வடிவில் சுற்றிப் பெரிய கொண்டை ஊசியால் குத்துங்கள். கம்பளியில் ஊசி வழுக்காது, நாலு ஊசியே போதும். சுற்றி மல்லிகைச் சரம். கபில ட்ரெட்டுக்கு வெள்ளை மல்லிகை அப்படி எடுபடும்! வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குப் போகும்போது இந்தக் கொண்டை அடக்கமாகவும் இருக்கும், கூட்டத்தில் யார் முகத்திலும் ட்ரெட் அடிக்காது. ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலில் தீர்த்தமாடப் போகிறவர்கள் முழுத் தலை போட வேண்டாம். தலை முழுக வேண்டிய நாள் என்று முன்னமே தெரிந்தால், அது கழிந்தபின் பின்னுவதே முறை.

*பர்தாவுக்குள்.* முக்காடு போடுபவர்கள் கொண்டை போட்டால் அடியில் சூடு கட்டும். பிடரிப் பக்கம் மட்டும் மெல்லிய சிங்கிள் எண்ட் பத்துப் பன்னிரண்டு போட்டு, தளர்ந்த இரட்டைப் பின்னலாகத் தொங்கவிடுங்கள். பெண்கள் மட்டும் கூடும் மருதாணி இரவில் முக்காட்டை எடுக்கும்போது விரித்துவிடலாம். பருத்தித் துணியே உள்ளுக்கு நல்லது.

*கடற்கரைக்கு.* பழைய பருத்திச் சேலைத் துண்டை நாலு விரல் அகலத்தில் மடித்து, முன்நெற்றியிலிருந்து பிடரிக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள். மணலும் வெயிலும் வகிட்டில் படாது. அலைக்குள் இறங்கும் எண்ணம் இருந்தால் கொத்தைக் கரையில் கழற்றிவிட்டு இறங்குங்கள். முழுத் தலை போட்டவர், பாசிக்குடாபோல் ஆழமில்லாத அமைதியான கடலில் கழுத்தளவோடு நிற்கலாம். தலையை முக்கினால் அன்று முழுவதும் ஈரக் கம்பளியைச் சுமக்க வேண்டும், உப்பு காய்ந்து இழை கரடுமுரடாகும்.

*மேடைக்கு.* இதை யாரும் அதிகம் யோசிப்பதில்லை, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். வடமோடிக் கூத்தில் பாரதக் கதையும் இராமாயணக் கதையும் ஆடும்போது தவசிகளுக்குச் சடை வேண்டும். கம்பளியில் செய்த சடை ஆட்டத்தோடு சேர்ந்து அசையும், விளக்கு வெளிச்சத்தில் பிளாஸ்டிக் முடிபோல் மினுங்காது. தலைக்கு அளவான துணித் தொப்பியில் தடித்த ட்ரெட்டுகளைத் தைத்து, கொஞ்சத்தை உச்சியில் சேர்த்துக் கட்டுங்கள். ஆடுபவர் துள்ளி மிதிக்கும்போது கழன்றுவிடாமல் நாடியோடு ஒரு நாடா வையுங்கள்.

மணி, சோகி, நூல் சுற்று எல்லாம் முனைப்பக்கம் நாலைந்து ட்ரெட்டுக்குப் போதும். மரமணியும் பித்தளையும் நல்லது, மலிவு இரும்பு வளையம் உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கம்பளியில் கறையாகும். சோகியின் துளை விளிம்பை அரத்தால் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் இழையை அறுக்கும். கடையில் வாங்கிய அக்ரிலிக் நூல் வீணில்லை, சுற்றுக் கட்ட அதுதான் சிறந்தது.

கழுவுவதும் படுப்பதும்

வாரம் ஒருமுறை மண்டையை மட்டும் கழுவினால் போதும். தெளிப்பான் போத்தலில் ஷம்பூவைத் தண்ணீரில் நன்றாகக் கலந்து, வகிடுகளில் தெளித்து, விரல் நுனியால் மெல்ல ஒற்றி, தண்ணீரை வகிட்டில் மட்டும் விட்டு அலசுங்கள். சுடுதண்ணீரும் தேய்ப்பும் கூடாது, ட்ரெட் மேலும் இறுகி ஒன்றோடொன்று ஒட்டிவிடும். காலையிலேயே கழுவி, துவாயால் பிழிந்து, மின்விசிறிக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். ஈரத்தோடு படுக்கவே கூடாது. இரவில் தளர்வாகச் சேர்த்து, மெல்லிய துணியால் சுற்றித் தலையணைக்கு மேலே போட்டுக்கொண்டு படுங்கள்.

கழற்றுவது

நம் காலநிலைக்கு நாலு முதல் ஆறு கிழமை என்பதே எல்லை. இறப்பர் வளையத்தைச் சிறிய கத்திரிக்கோலால் வெட்டி, கீழிருந்து மேலாகப் பின்னலை அவிழுங்கள். கையில் ஒரு கற்றை முடி வரும், பதற வேண்டாம். எல்லாருக்கும் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது வழமை, அவ்வளவு நாளும் உதிர்ந்தது பின்னலுக்குள் சிக்கியிருந்தது. விரலால் பிரித்து, தேங்காயெண்ணெய் வைத்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து வாரி, அப்புறம் தலை முழுகுங்கள். அடுத்தமுறை பின்ன மூன்று நாலு கிழமையாவது இடைவெளி விடுங்கள்.

கழற்றிய ட்ரெட்டை இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு ஊறவைத்து அலசி, தளர்ந்தவற்றைப் பன்பாயில் திரும்ப உருட்டிக் காயவிட்டால் இன்னும் பல தடவை போடலாம். காய்ந்தபின் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். கம்பளியும் நம் முடிபோல் கெரட்டின்தான், துணி அந்துப் பூச்சியின் புழு அதைத் தின்னும். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து உள்ளே போட்டு, மாதம் ஒருமுறை எடுத்து உதறி வெயிலில் காட்டுங்கள்.